இத்தாலிய அச்சோவியங்களில் பெண்ணுடல்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நவீன இத்தாலியச் சிற்பிகள் பெண்ணுடலை வெண்கலத்தில் வடித்தது போதாதென்று எட்சிங், லித்தோகிராஃப் என்று அச்சிலும் அதையே ஏன் போட்டுக்கொண்டிருந்தார்கள்? சிற்பத்தின் நகல்தானே அது?

பதில்: நகலே இல்லை. எமிலியோ கிரேக்கோவின் (1913–1995) ஓர் எட்சிங்கைக் கிட்டே போய்ப் பாருங்கள். உடலின் வெளிக்கோடு மெல்லியதாக ஓடும், முதுகு வளைகிற இடத்திலும் தொடையின் அடியிலும் மட்டும் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே விழுந்து வலை மாதிரி அடர்ந்துவிடும். எட்சிங்கில் செம்புத் தகட்டின் மேல் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் போடுவார்கள். கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும், அந்தப் பள்ளத்தில் நிற்கிற மைதான் ஈரத் தாளில் ஏறும். அப்படியானால் தோளிலும் முழங்காலிலும் பளிச்சென்று தெரிகிற வெளிச்சம்? ஊசியே படாத வெறும் தாள். வெண்கலத்தில் ஒளி எங்கே விழும் என்று கைக்குத் தெரிந்தவர், அந்த இடத்தை இங்கே தொடாமல் விட்டுவிடுகிறார். தப்பான கோட்டைத் தகட்டிலிருந்து எடுப்பதும் லேசில்லை, சுரண்டித் தேய்த்து மெருகேற்ற வேண்டும். அந்தத் துணிச்சலுக்காகவே கிரேக்கோவை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இன்னொரு சிற்பி மரீனோ மரீனியின் வழி வேறு. ரோமானியர்களின் கனி தேவதை பொமோனாவின் பெயரில் அவர் வடித்த பெண்கள் கனத்த இடுப்போடு தரையை அழுத்தி நிற்பவர்கள், யாரையும் மயக்க நிற்பவர்கள் இல்லை. அதே பெண்கள் அவருடைய அச்சுகளிலும் வருகிறார்கள். சிற்பியல்லாத, ஓவியரான மாசிமோ காம்பிலி 1928-இல் ரோமின் வில்லா ஜூலியா அருங்காட்சியகத்தில் எட்ருஸ்கன் கலையை, அதாவது ரோமானியர்களுக்கு முன்பே இத்தாலியில் வாழ்ந்த மக்களின் கலையைப் பார்த்தார், அதற்கப்புறம் அவர் வரைந்த பெண்களுக்கு மணற்கடிகார இடை வந்துவிட்டது. கல்லின் மேல் வரைந்து தாளில் அச்செடுக்கிற லித்தோகிராஃபில் கல்லின் சொரசொரப்பும் சேர்ந்துகொள்வதால், ஆடையில்லாவிட்டாலும் சதை என்றே தோன்றாது, பழைய சுவர்ச்சித்திரம் போலத்தான் இருக்கும். எல்லாரும் உடலையே வரைந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. 1930 முதல் 1956 வரை பொலோன்யாவில் எட்சிங் கற்றுக்கொடுத்த ஓவியர் மொராந்தி பெரும்பாலும் புட்டிகளோடும் நிலக்காட்சிகளோடும் இருந்துவிட்டார்.

கேள்வி: என்ன சொன்னாலும் ஆண்கள் பெண்ணைப் பார்த்து ரசிப்பதுதானே இது?

பதில்: கேள்வி நியாயமானது. நான் மேலே சொன்ன எல்லாருமே ஆண்கள், மாடலின் பெயர் பல படங்களில் கிடையாது. ஆனால் சிற்பி ஜாக்கொமோ மன்ஸூவைக் கொஞ்சம் தனியாகப் பார்க்கச் சொல்வேன். ஓவியனும் மாடலும் என்ற கருவை அவர் பலமுறை எடுத்தார், அதில் பார்க்கிறவனும் படத்துக்குள்ளேயே இருக்கிறான், அதனால் ஒளிந்து பார்க்கிற சௌகரியம் நமக்குக் கிடைப்பதில்லை. 1964-இல் வாடிகனின் புனித பேதுரு பேராலயத்துக்கு ‘மரணத்தின் கதவு’ செய்துகொடுத்ததும் இதே கைதான். ஆடை இல்லை என்பதால் மட்டும் ஒரு படம் ஆபாசமாகாது. அந்தப் பெண்ணுக்கென்று ஒரு எடை, ஒரு சலிப்பு, ஒரு யோசனை படத்தில் இருக்கிறதா என்றுதான் நான் பார்ப்பேன்.

கேள்வி: படத்தின் கீழே பென்சிலில் 12/50 என்று இருக்கிறதே?

பதில்: மொத்தம் 50 பிரதிகள், அதில் 12-ஆம் எண் என்று பொருள். எண்ணுக்குப் பதிலாக ‘ப்ரோவா தார்த்திஸ்தா’ என்று இருந்தால் கலைஞர் தனக்கென எடுத்துக்கொண்ட பிரதி. எண் போட்ட வரிசையும் அச்சடித்த வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அமிலமில்லாமல் ஊசியாலேயே தகட்டைக் கீறுகிற டிரைபாயிண்டில் மட்டும் முதலில் எடுத்த பிரதிகளுக்கு மவுசு அதிகம், ஏனென்றால் ஊசி கிளப்பிய செம்புப் பிசிறு ஒவ்வொரு அழுத்தத்திலும் தேய்ந்து, கோட்டின் வெல்வெட் கறுப்பு சீக்கிரம் போய்விடும்.