டெட்லாக்: யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள்? (கேள்வி பதில்)

கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். 20 வருடமாக டேட்டாபேஸோடுதான் குடித்தனம். மலையில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் தம்பி தங்கைகள் இந்த முறை அனுப்பிய கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: பல சர்வர்களில் பிரிந்து கிடக்கும் டேட்டாபேஸில் வரும் டெட்லாக், அதாவது ஒருவருக்காக ஒருவர் காத்து நின்று யாருமே நகர முடியாத நிலை. அதையே எடுத்துக்கொள்கிறேன்.

குன்னூர்: அக்கா, ஒரே சர்வராக இருந்தவரை போஸ்ட்கிரெஸ் (எங்கள் டேட்டாபேஸ்) தானாகவே டெட்லாக்கைப் பிடித்துச் சொன்னது. இரண்டாகப் பிரித்ததும் ஏன் வாயே திறப்பதில்லை?

ஏனென்றால் அதன் கண்ணில் எந்தத் தப்பும் படவில்லை. நம் ஊர்க் கணக்கையே எடுத்துக்கொள்வோம். விவசாயிகள் கணக்கு முதல் சர்வரில், தொழிற்சாலைக் கணக்கு இரண்டாவதில். பசுந்தேயிலைக்குப் பணம் வரவு வைக்கும் டிரான்சாக்ஷன் (முழுதாக நடக்க வேண்டும், இல்லையேல் எதுவுமே நடக்கக் கூடாத வேலை) முதலில் விவசாயியின் கணக்கு வரியை லாக் செய்துவிட்டு, அதாவது வேறு யாரும் மாற்றாதபடி பிடித்துக்கொண்டு, அப்புறம் தொழிற்சாலை வரியைக் கேட்கிறது. முன்பணம் பிடிக்கும் டிரான்சாக்ஷன் தொழிற்சாலை வரியைப் பிடித்துக்கொண்டு விவசாயி வரியைக் கேட்கிறது. முதல் சர்வரைக் கேட்டால், "பிடித்தம் வரவுக்காகக் காத்திருக்கிறது" என்னும். இரண்டாவதைக் கேட்டால், "வரவு பிடித்தத்துக்காகக் காத்திருக்கிறது" என்னும். இரண்டும் உண்மை, இரண்டும் தினமும் நடக்கிற சாதாரணக் காத்திருப்பு.

போஸ்ட்கிரெஸில் ஒரு லாக்குக்காக 1 நொடி நின்றால் (மாற்றாத வரை அதுதான் அளவு) 'யார் யாருக்காக' என்ற வரைபடத்தை அது போட்டுப் பார்க்கும். ஆனால் தன் வீட்டுக்குள் இருப்பதை மட்டும்தான். அங்கே இருப்பது ஒரு கோடு. வட்டமாக வேண்டுமானால் இன்னொரு சர்வரின் கோட்டையும் சேர்க்க வேண்டும்.

ஊட்டி: டைம்அவுட் (இத்தனை நொடிக்கு மேல் காத்திருக்காதே என்ற வரம்பு) போட்டுவிட்டால் போதாதா?

போடுங்கள், நானும் போடுகிறேன். ஆனால் அது கண்டுபிடிப்பது இல்லை, பொறுமை இழப்பது. மையெஸ்க்யூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸின் இன்னோடிபியில் (டேட்டாவைச் சேமிக்கும் அதன் பகுதி) மாற்றாமல் விட்டால் 50 நொடி. அதற்குள் ஆபீஸில் இருப்பவர் அதே பட்டனை நாலு தடவை அழுத்தியிருப்பார். சரி, 2 நொடியாகக் குறைக்கலாம் என்றால், மாதக் கடைசிப் பட்டுவாடாவின்போது வெறுமனே வரிசையில் நிற்கும் அப்பாவிகள் எல்லாம் அடிபடுவார்கள்.

கொடைக்கானல்: கல்லூரியில் படிக்கிறேன். சர்வர்களுக்கு இடையே இருக்கும் சுழலை உண்மையில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

ஒரு வழி, எல்லா சர்வரின் காத்திருப்புக் கோடுகளையும் ஒரே இடத்துக்கு வரவழைத்து ஒட்டிப் பார்ப்பது. போஸ்ட்கிரெஸ் மேல் ஓடும் சைட்டஸ் அப்படித்தான் செய்கிறது: கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை கோடுகளைச் சேகரித்து, வட்டம் கண்டால் கடைசியாக ஆரம்பித்த டிரான்சாக்ஷனை நிறுத்திவிடும்.

இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆய்வாளர்கள் சாண்டி, மிஸ்ரா, ஹாஸ் மூவரும் 1983-இல் எழுதியது. (மணி சாண்டி சென்னை ஐஐடியில் படித்தவர்.) இதில் நடுவே உட்கார்ந்து பார்க்கும் ஆள் கிடையாது. காத்திருந்து சலித்த டிரான்சாக்ஷன் தன் பெயர் போட்ட ஒரு சீட்டை, தான் யாருக்காக நிற்கிறதோ அதனிடம் அனுப்பும். வாங்கியது சும்மா ஓடிக்கொண்டிருந்தால் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடும். அதுவும் நின்றுகொண்டிருந்தால், தான் காத்திருக்கும் ஆளுக்குத் தள்ளிவிடும். அனுப்பியவர் கைக்கே சீட்டு திரும்பி வந்தால் வட்டம் உறுதி.

வட்டத்தில் நிற்கும் மூன்று பேரும் ஒரே நேரத்தில் சீட்டு அனுப்பினால்? மூவருக்கும் திரும்பி வரும், மூவரும் ரோல்பேக் ஆவார்கள், அதாவது அதுவரை செய்ததெல்லாம் ரத்து. ஒருவர் போனாலே போதும் என்ற இடத்தில் மூன்று பலி. அதனால் வழியில் பார்த்தவர்களில் இளையவர் (கடைசியாக ஆரம்பித்தவர்) யார் என்பதையும் சீட்டில் எழுதிக்கொண்டே போனால், எல்லாச் சீட்டும் ஒரே ஆளைத்தான் காட்டும்.

அதே தம்பி: ஒட்டிப் பார்க்கும் முறையில் இல்லாத சுழல் தெரியுமாமே?

தெரியும். முதல் சர்வர் '1 நிற்பது 2-க்காக' என்று சொன்னது, இரண்டாவது '2 நிற்பது 3-க்காக' என்றது. அதற்குள் 2 டைம்அவுட்டில் செத்துவிட்டது. பிறகு மூன்றாவது சர்வர் '3 நிற்பது 1-க்காக' என்கிறது. பழைய தகவலையும் புதியதையும் ஒட்டினால் வட்டம்! நிஜத்தில் 1 எப்போதோ நகர்ந்துவிட்டது. லாக்கை கமிட் (வேலையை முடித்து நிலையாகப் பதிவது) வரை விடாமல் பிடிக்கும் சிஸ்டத்தில், இப்படி நடுவில் யாராவது ரோல்பேக் ஆனால்தான் பொய்ச் சுழல் வரும். அதற்காகப் பெரிதாகக் கவலைப்பட மாட்டேன்.

கூடலூர்: சுழலே வராமல் செய்ய முடியாதா அக்கா?

குறுகலான மலைப்பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டி வந்தால் என்ன செய்வோம்? ஏறும் வண்டிக்கு வழி, இறங்குவது ஒதுங்கி நிற்கும். சாலை விதியிலேயே இருக்கிறது, யாரும் இறங்கிப் பேச வேண்டியதில்லை. 1978-இல் வந்த ஒரு முறை இதே மாதிரி, வயதை வைத்து. மூத்த டிரான்சாக்ஷன் வந்து கேட்டால், லாக் வைத்திருக்கும் இளையது ரோல்பேக் ஆகும். இளையது கேட்டால் பேசாமல் நிற்கும். ஆக, காத்திருப்பு எப்போதும் இளையதிலிருந்து மூத்ததை நோக்கித்தான், வட்டம் போட வழியே இல்லை. கூகுளின் ஸ்பேனர் டேட்டாபேஸ் இதைத்தான் பயன்படுத்துகிறது. திரும்ப ஆரம்பிக்கும்போது பழைய வயதையே கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அது காலத்துக்கும் இளையதாகவே இருந்து அடிவாங்கும்.

உங்கள் புரோகிராமில் செய்யக்கூடியது இன்னும் எளிது: எல்லா டிரான்சாக்ஷனும் விவசாயி, அப்புறம் தொழிற்சாலை என்ற ஒரே வரிசையில் லாக் எடுக்கட்டும்.

குன்னூர்: சர்வரின் பதிவு ஃபைலில் ஒரு டெட்லாக்கும் இல்லை. ஆனாலும் எல்லாம் நிற்கிறது. எங்கே தேடுவது?

இதில் நானே மாட்டியிருக்கிறேன். ஒரு தொழிற்சாலையின் பட்டுவாடா நாள், நல்ல மழை. திரை அசையவில்லை. லைன்தான் போச்சு என்று அரை நாள் ஓட்டினோம். மதியம் போஸ்ட்கிரெஸ் உள்ளே பார்த்தால் 10 கனெக்‌ஷன், பத்தும் 'ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்'. டிரான்சாக்ஷனைத் திறந்துவைத்துவிட்டு எல்லாம் சும்மா கிடக்கின்றன, லாக்குக்காக ஒருவரும் நிற்கவில்லை.

விஷயம் வெளியே இருந்தது. பூலில் (எல்லா வேலைகளும் மாறி மாறி எடுத்துக்கொள்ளும் டேட்டாபேஸ் இணைப்புகளின் தொகுப்பு) மொத்தம் 10 கனெக்‌ஷன். ஒவ்வொரு வேலையும் ஒன்றை எடுத்து டிரான்சாக்ஷன் ஆரம்பித்துவிட்டு, நடுவில் பில் நம்பர் வாங்க இன்னொன்றைக் கேட்கும். பத்து பேரும் கையில் ஒன்றோடு இரண்டாவதுக்காக நின்றார்கள். டேட்டாபேஸுக்கு இந்தக் காத்திருப்பு தெரியவே தெரியாது. இன்னும் ஒரே ஒரு கனெக்‌ஷன் இருந்திருந்தால், ஒருவர் முடித்து மற்றவர்களுக்கு வழி விட்டிருப்பார். நாங்கள் பூலைப் பெரிதாக்காமல், பில் நம்பரையும் அதே கனெக்‌ஷனிலேயே வாங்கும்படி மாற்றினோம். இரண்டு சர்வீஸ்கள் ஒன்றையொன்று கூப்பிட்டுக் காத்திருந்தாலும் இதே கதைதான். கோரிக்கை எண்ணை ஒவ்வொரு கனெக்‌ஷனின் அப்ளிகேஷன் நேமிலும் (இணைப்புக்கு நாம் வைக்கும் பெயர்) எழுதி வையுங்கள், இரண்டு சர்வரின் கோடுகளைக் கையாலேயே ஒட்டிவிடலாம்.

ஊட்டி: எரர் வந்தால் திரும்ப ஓட்டுகிறோம். ஒரு விவசாயிக்கு இரண்டு முறை வரவு விழுந்துவிட்டது.

மையெஸ்க்யூஎல்தானே? எந்த எரர் என்று பாருங்கள். 1213 என்றால் டெட்லாக், முழு டிரான்சாக்ஷனும் ரோல்பேக் ஆகிவிடும். 1205 லாக் டைம்அவுட். அதில் செட்டிங்கை மாற்றாத வரை கடைசி ஸ்டேட்மெண்ட் (கட்டளை) மட்டும்தான் ரத்தாகும், முன்னால் போட்ட வரவு அப்படியே திறந்து கிடக்கும். நீங்கள் மறுபடி 'ஸ்டார்ட் டிரான்சாக்ஷன்' போட்டதும், அது பழையதைச் சத்தமில்லாமல் கமிட் செய்துவிட்டது. 1205 வரும் இடத்தில் ரோல்பேக் போட்டுவிட்டு அப்புறம் திரும்ப ஓட்டுங்கள். அந்த விவசாயியின் இந்த மாதப் பட்டுவாடாவையும் ஒருமுறை கையால் சரிபார்த்துவிடுங்கள்.