வான்கூவர் முறைக்கு மேற்கோள் பட்டியலை மாற்றுவது எப்படி?

மருத்துவ ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரை, மேற்கோள்கள் வான்கூவர் முறையில் (கட்டுரையில் வரும் வரிசைப்படி எண்ணிட்டுக் காட்டும் முறை) இல்லையென்று திரும்பி வந்துவிட்டது, 60 மேற்கோள்களையும் கையால் திருத்த வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். தயவுசெய்து எண்களைக் கையால் தட்டாதீர்கள், ஏனென்றால் நடுவில் ஒரு பத்தி இடம் மாறினாலே அதற்குப் பிறகு வரும் எண்களெல்லாம் குலைந்துவிடும்.

மேற்கோள்களைச் சேர்த்துவைத்து ஒழுங்குபடுத்தித் தரும் ஜோடெரோ இலவச மென்பொருள்தான். அதில் டிஓஐ எண்ணை (ஆய்வுக் கட்டுரையின் நிரந்தர அடையாள எண்) கொடுத்தால் விவரங்கள் தானாக வந்துவிடும், வான்கூவர் முறையைத் தேர்ந்தெடுத்து வேர்டில் செருகினால் வரிசை எண்ணையும் அதுவே பார்த்துக்கொள்ளும். ஆனால் வந்த விவரத்தை அப்படியே நம்பாதீர்கள், முக்கியமாகப் பெயர்களை. நம்மூர்ப் பெயர்களில் இது பெரிய தலைவலி: ஆர். கவிதா என்பவரின் இனிஷியல் குடும்பப்பெயர்க் கட்டத்தில் போய் உட்கார்ந்துவிட்டால் பட்டியலில் ‘ஆர் கே’ என்றுதான் அச்சாகும், அவர் உழைப்புக்கு அவர் பெயரே இருக்காது. உலக சுகாதார நிறுவனம் போன்ற அமைப்புகளுக்கு ஒற்றைக் கட்டப் பெயரைத் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் அதையும் ஆள் பெயர்போல வெட்டிவிடும்.

அப்புறம் நிறுத்தற்குறிகள். 2002;347(4):284-7 என்பதில் ஆண்டு, தொகுதி, அடைப்புக்குள் இதழ் எண், பக்கங்கள்; நடுவில் இடைவெளியே கிடையாது, 287 என்பது வெறும் 7 ஆகச் சுருங்கியிருக்கிறது. ஆசிரியர்கள் ஆறு பேருக்கு மேல் போனால் முதல் ஆறு பேரோடு நிறுத்தி ‘மற்றும் பலர்’ என்பதற்கான லத்தீன் சுருக்கத்தை (et al) போடுவது வழக்கம். சில இதழ்கள் மூன்றோடு நிறுத்தச் சொல்லும், அதனால் அந்த இதழின் ஆசிரியர் வழிகாட்டியை முதலில் படித்துவிடுங்கள்.