முதலில் தேர்வுத் தேதி, அப்புறம் டைம்டேபிள்

கேள்வி: எனக்கு வயது 34. வேலைக்குப் போகிறேன், ஆறு வயதில் மகள் இருக்கிறாள். பாதியில் விட்ட பட்டப்படிப்பை முடிக்க ஆன்லைனில் சேர்ந்தேன். அவரவர் வேகத்தில் படிக்கலாம், தயாரானதும் தேர்வு எழுதலாம். ஆறு மாத டெர்முக்கு ஒரே கட்டணம், நான்கு பேப்பர். நான்கு மாதம் ஓடிவிட்டது, ஒரு பேப்பர்தான் முடித்திருக்கிறேன். அதற்கே கிட்டத்தட்ட 50 மணி நேரம் ஆனது. வார நாட்களில் மகள் தூங்கியபின் நான்கு நாள் ஒரு மணி நேரம் கிடைக்கிறது. மீதியை ஞாயிறு முழுக்க உட்கார்ந்து ஈடுகட்டிவிடலாம் என்று ஒவ்வொரு வாரமும் நினைக்கிறேன், மூன்று மணி நேரத்தைத் தாண்டியதே இல்லை. வீடியோ பார்க்கும்போது எல்லாம் புரிகிறது, அடுத்த வாரம் எதுவும் நினைவில் இல்லை. இந்தப் படிப்பு எனக்குச் சரிப்படாதோ?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேலையையும் குழந்தையையும் பார்த்துக்கொண்டு ஒரு பேப்பரில் தேறியவருக்குப் படிப்பு நன்றாகவே வருகிறது. வகுப்புக்குப் போய்ப் படித்த காலத்தில் மணி அடித்தார்கள், திங்கட்கிழமை டெஸ்ட் என்றார்கள், நோட்டை வாங்கித் திருத்தினார்கள். எப்போது எதைப் படிப்பது என்ற வேலையை வேறு யாரோ நமக்காகச் செய்துகொண்டிருந்தார்கள். இப்போது அந்த வேலையும் உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. சேரும்போது இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பதுதான் என் வருத்தம்.

இது உங்களுக்கு மட்டும் வந்த சங்கடமும் இல்லை. மாணவர் தன் வேகத்தில் படித்துத் தயாரானதும் தேர்வு எழுதும் முறையை அமெரிக்க உளவியலாளர் ஃபிரெட் கெல்லர் 1968-இல் விளக்கி எழுதினார். இணையம் வருவதற்கு வெகு முன்பே, அதைப் பின்பற்றிய வகுப்புகளில் மாணவர்கள் தள்ளிப்போடுவதுதான் ஆசிரியர்களுக்குப் பெரிய தலைவலியாக இருந்தது.

நானும் வேலையில் இருந்தபடியே தபால் வழியில் படித்தவள். புத்தகக் கட்டு வந்த அன்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அட்டை போட்டு, பெயர் எழுதி அடுக்கிவைத்தேன். பாதிப் படிப்பு முடிந்த மாதிரி ஒரு நிறைவு. தேர்வுத் தேதி அச்சடித்த தாள் கைக்கு வரும்வரை மூன்று புத்தகங்கள் அந்த அட்டை கசங்காமல் அப்படியே இருந்தன. அந்தத் தாள் வந்தபிறகுதான் படித்தேன்.

உங்களுக்கு அந்தத் தாளை அனுப்ப ஆளில்லை. அதனால் அதை நீங்களே உண்டாக்க வேண்டும். 'தயாரானதும்' என்ற நாள் தானாக வராது. தேர்வுக்கு ஒரு தேதியைப் பதிவு செய்யுங்கள், அதிலிருந்து பின்னோக்கி எண்ணிப் படியுங்கள்.

சரி, எந்தத் தேதி? கணக்குப் போட்டுப் பார்ப்போம். வார நாட்களில் நான்கு மணி, ஞாயிறு மூன்று மணி, ஆக வாரத்துக்கு ஏழு. மீதி இருப்பது எட்டு வாரம். கடைசி வாரத்தைத் தொடாதீர்கள், காய்ச்சலுக்கும் மறுதேர்வுக்கும் அது இருக்கட்டும். ஏழு ஏழு நாற்பத்தொன்பது. முதல் பேப்பருக்கு ஆனது 50 மணி நேரம். அதாவது, இந்த டெர்மில் உங்களால் முடிவது இன்னும் ஒரே ஒரு பேப்பர்.

இதைப் படிக்கும்போது மனம் கசக்கும், கட்டிய பணமும் கண்முன் வரும். ஆனால் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு ஒன்றையும் முடிக்காமல் போவது அதைவிட நஷ்டம். கணக்கில் ஞாயிற்றுக்கிழமைக்கு எட்டு மணி நேரம் எழுதாதீர்கள். பட்டப்படிப்பின் இறுதி ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று மாணவர்களைக் கேட்ட ஓர் ஆய்வு 1994-இல் வெளிவந்தது. அவர்கள் சொன்னது சராசரியாக 34 நாள், ஆனது 55 நாளுக்கு மேல். நாம் எல்லோருமே இப்படித்தான் குறைத்து மதிப்பிடுகிறோம். அதனால் போன மாதம் உண்மையில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தீர்களோ, அதுதான் அடுத்த மாதத்துக்கும் அளவு. அடுத்த டெர்மையும் இதே அளவுகோலில் பாருங்கள். 26 வாரத்தில் காய்ச்சலுக்கும் மறுதேர்வுக்கும் நான்கைக் கழித்தால் 22, அது 154 மணி நேரம். மூன்று பேப்பருக்குச் சரியாக வரும். படிப்பின் விதிமுறை இடம் கொடுத்தால் மூன்று பேப்பரோடு சேருங்கள்.

எடுக்கும் பேப்பருக்கு மாதிரித் தேர்வு இருந்தால் முதல் நாளே எழுதிப் பாருங்கள், எவ்வளவு மோசமாக வந்தாலும் பரவாயில்லை. வேலை அனுபவத்தாலேயே தெரிந்த பாடங்கள் சில இருக்கும், அவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். அவரவர் வேகம் என்பதில் உங்களுக்குக் கிடைக்கும் பெரிய சலுகையே இதுதான். வகுப்பில் உட்கார்ந்திருந்தால் தெரிந்ததையும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அடுத்து, நினைவில் நிற்காத விஷயம். வீடியோ ஓடும்போது புரிவது வேறு, மூடியபின் சொல்ல வருவது வேறு. 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியைச் சிலர் இரண்டு முறை படித்தார்கள், சிலர் ஒருமுறை படித்துவிட்டுப் பார்க்காமல் எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டு முறை படித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அது தலைகீழ்: எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவில் இருந்தது, மறுபடி படித்தவர்களுக்கு 42. ஆகவே உங்கள் இரவு ஒரு மணி நேரத்தை இப்படிச் செலவிடுங்கள். உட்கார்ந்ததும் வீடியோவைத் திறக்காதீர்கள். வெற்றுத் தாளில், நேற்றுப் படித்ததைப் பத்து நிமிடம் எழுதுங்கள். பேனா எங்கே நிற்கிறதோ அங்கே கோடு போட்டு, அந்த இடத்தை மட்டும் திருப்பிப் பாருங்கள். அப்புறம் புதுப் பாடம். கடைசி ஐந்து நிமிடத்தில், நாளைக்கு எதில் கை வைக்க வேண்டும் என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதி லேப்டாப்பின் மேல் ஒட்டுங்கள். '3-ஆம் பாடம், 4-ஆம் கணக்கு' என்கிற அளவுக்குத் துல்லியமாக இருக்கட்டும். 'படிக்கணும்' என்று எழுதினால், அசந்துபோய் உட்காரும் இரவில் எங்கே தொடங்குவது என்று தேடவே இருபது நிமிடம் போய்விடும்.

தேதியைப் பதிவு செய்ததும் வீட்டில் சொல்லுங்கள், அந்த ஞாயிறு மூன்று மணி நேரம் குழந்தையை யார் பார்ப்பது என்பதையும் அப்போதே பேசி முடித்துவிடுங்கள். படிப்பில் உங்களுக்கென்று வழிகாட்டி இருந்தால், இந்த டெர்மில் ஒரு பேப்பர்தான் என்று இப்போதே எழுதி, மற்ற இரண்டையும் அடுத்த டெர்முக்கு மாற்ற வழி கேளுங்கள். கடைசி வாரத்தில் கேட்டால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாமல் போகலாம்.

பதிவு செய்த தேதியையும், முதல் துண்டுச்சீட்டில் என்ன எழுதினீர்கள் என்பதையும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். காத்திருக்கிறேன்.