கறுப்பு நீள்முள் கடல் முள்ளெலி டயடீமா செட்டோசம்தானா என்று எப்படி உறுதிசெய்வது, எப்படிப் பதிவது?

முள்ளின் நீளத்தையும் நிறத்தையும் நம்ப வேண்டாம். குஞ்சுகளுக்கு முள்ளில் வெள்ளைப் பட்டைகள் இருக்கும், வளர்ந்தால் பெரும்பாலும் மறையும். நேர் மேலிருந்து உச்சியைப் பாருங்கள். நடுவில் குமிழ்போல நிற்பது மலவாய்க் கூம்பு. அதன் நுனியில் ஆரஞ்சு வளையமும், சுற்றிலும் ஐந்து வெள்ளைப் புள்ளிகளும் இருந்தால் அநேகமாக செட்டோசம். வளையம் இல்லாமல் நீலக் கோடுகள் பளிச்சென்று ஓடினால் அதே பேரினத்தின் இன்னொரு இனமான டயடீமா சவிக்னியாக இருக்கலாம். இரண்டும் கலந்த கலப்பினமும் உண்டு. அப்படிச் சந்தேகம் வந்தால் 'டயடீமா' என்று பேரினத்தோடு நிறுத்துவதே நேர்மை.

சரி, பதிவு? பக்கவாட்டுப் படம் அழகாக இருக்கும், அடையாளம் காண உதவாது. உச்சிப் படம், தேதி, ஜிபிஎஸ், ஆழம், தரை பாறையா மணலா பவளமா, எத்தனை இருந்தன என்பதெல்லாம் வேண்டும். பகலில் இடுக்குகளில் பதுங்கும், இரவில்தான் மேயவரும். அதனால் நேரத்தையும் எழுதுங்கள். தேடியும் கிடைக்காத இடத்தையும் குறியுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். இந்திய, பசிபிக் பெருங்கடல் இனமான செட்டோசம் 2006-ல் துருக்கியின் காஷ் கரையில் கண்டறியப்பட்டது. மத்தியதரைக் கடலில் அதுவே இதன் முதல் பதிவு.

கையால் மட்டும் தொடாதீர்கள், முள் உள்ளேயே ஒடிந்துவிடும்.