கருக்கலைப்பைச் சட்டம் போட்டுத் தடுத்தால் அது குறைந்துவிடுமா?

குறையாது, ஒளிவுமறைவாக நடக்கும். ருமேனியாவைப் பாருங்கள். 1966-இல் அந்நாட்டு அரசு கருக்கலைப்புக்குக் கிட்டத்தட்ட முழுத் தடை போட்டது. கருத்தடைச் சாதனங்களும் எளிதில் கிடைக்காது. அடுத்த ஆண்டே பிறப்பு விகிதம் எகிறியது உண்மைதான். ஆனால் சில ஆண்டுகளில் இறங்கிவிட்டது. ஏறியது தாய்மார்களின் சாவுதான்.

சுத்தமில்லாத கருவியால் கருவைக் கலைத்துக்கொண்டு, காய்ச்சலும் உதிரப்போக்குமாகச் சுருண்டு கிடப்பவள், போலீசுக்குப் பயந்து ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவே தயங்குவாள். அந்தத் தயக்கத்திலேயே எத்தனையோ உயிர் போயிற்று. பத்து மாதம் சுமக்கப்போகிறவளைக் கேட்காமல் முடிவெடுக்க எந்த அரசுக்கும் உரிமையில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்ததும் தடை நீங்கியது. மறு ஆண்டே பேறுகால மரண விகிதம் ஏறக்குறையப் பாதியானது. இத்தனைக்கும் மருத்துவமனைகள் அதே பழையவைதான்.