தலையில்லாப் பனைக்கு ஒரு தேத்தண்ணி

வணக்கம் ரீச்சர்,

நான் கோண்டாவிலில் இருக்கிறேன். ஐந்து மாதமாக அறைக்குள் இருந்து, களிமண் உருவங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஒவ்வொரு படமாகப் பிடித்து, ஓர் அனிமேஷன் குறும்படம் செய்தேன். மூன்று நிமிடம். ஷெல்லடியில் தலை போன பனை ஒன்று இரவில் வீடு வீடாக வந்து தன் தலையைத் தேடுகிறது. வீட்டுக்காரர் அதை இருத்தித் தேத்தண்ணி கொடுக்கிறார்கள். வாய் இல்லாததால் மேலே இருந்து ஊற்றுகிறார்கள். சன்னம் பட்ட ஓட்டைகளால் அது ஒழுகுகிறது. ஊர் மண்டபத்தில் போட்டபோது சனம் விழுந்து விழுந்து சிரித்தது. ஒரு வயதான ஐயா மட்டும் "எங்கட அழிவு உங்களுக்குப் பகிடியோ" என்று கேட்டுவிட்டு எழும்பிப் போனார். நான் செய்தது பிழையா? முடிவில் போரின் கொடுமை பற்றி ஒரு வாசகமும் போட்டிருக்கிறேனே, அது காணாதா? எந்த விழாவுக்கு அனுப்பலாம்? சில படங்களில் எறும்பு வந்துவிட்டது, கணினியில் அழிக்கவா?

ச.

அன்புள்ள தம்பி,

உமது படத்தைத் திறந்த அன்று எங்கள் வீட்டில் படலையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். இரும்புக் கேற் போட்டு மணி வைக்கப்போகிறோம். இனி ஒருவரும் வாசலில் நின்று "வீட்டுக்காரர்!" என்று கூப்பிடமாட்டார்கள் என்று இரண்டு நாளாக மனம் கிடந்து உழன்றது. அந்த நேரத்தில்தான் உமது பனை ஒரு வீட்டு வாசலுக்கு வந்து, கூப்பிட வாயில்லாமல், படலையை உடம்பால் மெல்ல முட்டிவிட்டு ஒதுங்கி நின்றது. அதிலேயே நிறுத்திவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

விழாவுக்கு அனுப்பும். யாழ்ப்பாணத்திலேயே சர்வதேசத் திரைப்பட விழா 2015இல் தொடங்கியது, அதிலிருந்து ஆரம்பியும். அவ்வளவுதான்.

கடைசி வாசகத்தை வெட்டும். இன்றைக்கே வெட்டும். ஐந்து மாதம் மண் பிசைந்த பிள்ளை, கடைசி ஐந்து விநாடியில் ஏன் எங்களுக்குப் பாடம் எடுக்க வந்தீர்? செக் நாட்டில் யிர்ஷி திரிங்கா என்பவர் 1965இல் 'கை' என்றொரு பொம்மைப் படம் செய்தார். ஒரு குயவன் தன் செடிக்குச் சட்டி வனைகிறான். பெரிய கை ஒன்று, உண்மையான மனிதக் கை, அவன் வீட்டுக்குள் புகுந்து தனக்குச் சிலை செய்யச் சொல்கிறது. அவன் மறுக்கிறான். கடைசியில் அவனுடைய பூச்சட்டியே தலையில் விழுந்து சாகிறான். துரத்தித் துரத்தி அலைக்கழித்த அந்தக் கையே அவனுக்கு மரியாதையோடு செத்தவீடு நடத்துகிறது. படத்தில் வசனம் கிடையாது. 1969இல் திரிங்கா இறந்தபிறகு அரசு அதைத் தடைசெய்தது. ஒருவரும் விளக்கம் சொல்லாமலே தடைசெய்கிற அளவுக்கு விளங்கியிருக்கிறது. அவருடைய பொம்மைகளின் முகமும் மாறாது. வெளிச்சமும் கோணமும் தலைச்சாய்வும்தான் பேசும். உமது பனைக்குத் தலையே இல்லை, ஆனால் வாசலில் அது உடம்பைச் சாய்த்த சாய்வு போதும். பிறகேன் அந்த எழுத்து? பின்னால் அழுகிற புல்லாங்குழல் ஏன்?

சரி, தேத்தண்ணிக்கு வருவோம். எனக்குக் கோபம் அங்கேதான்.

விநாடிக்கு 12 படம் எடுத்திருக்கிறீர். ஊற்றுவதும் ஒழுகுவதும் சேர்த்து இரண்டு விநாடி. எண்ணிப் பார்த்தேன், 24 படம். சனம் சிரிக்கிறது, நீர் அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறீர். அந்தக் கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு பனங்கட்டித் துண்டு வைத்தீரே, அதை யார் கண்டது? அந்த மரத்தின் கருப்பநீரைக் காய்ச்சி வந்த கட்டியை அந்த மரத்துக்கே உபசரிக்கிறார்கள். பனைக்கு ஒரே குருத்து; அது போனால் மரம் போயிற்று. வந்திருப்பது செத்த மரம் என்று அந்த வீட்டு அம்மாவுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கட்டியை எடுத்து வைக்கிறா. இதைக் கண்டுபிடித்த பிள்ளை அதை எங்களுக்குப் பார்க்கத் தராமல் ஓடலாமா?

1995 ஒக்ரோபர் 30 இரவு, சண்டை நெருங்கிவர, யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதிச் சனம் முழுக்க எழும்பி, ஊரை விட்டு நாவற்குழிப் பாலத்தால் போனது. நாங்கள் 1996இல் கோப்பாய்க்குத் திரும்பியபோது வீட்டுக்குக் கூரை இல்லை, முன்சுவர் இல்லை, வேலியும் படலையும் இல்லை. அம்மா மூன்று கல்லு வைத்து அடுப்பு மூட்டியிருந்தா. இரண்டாம் நாள் எங்கள் ஒழுங்கையில் இருந்த ஒரு மாமா வந்தார். தூரத்திலேயே அவரைக் காண்கிறோம். அவரும் எங்களைக் காண்கிறார். மறைப்புக்கு ஒரு கிடுகு இல்லை. அவர் படலை இருந்த இடத்துக்கு நேரே வந்து நின்று, றோட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "வீட்டுக்காரர்!" என்று கூப்பிட்டார். அம்மா எழும்பி, சீலையைச் சரிசெய்து, முன்கதவு இருந்த இடத்தால் வெளியே வந்து, "ஆரது? வாங்கோ, வாங்கோ" என்றா. அவர் வாசற்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறும் வெளிக்குள் வந்தார்.

நானும் தங்கச்சியும் வாயைப் பொத்திக்கொண்டு வயிறு நோகச் சிரித்தோம். அவருடைய மகனைப் பற்றி ஆறு மாதமாக ஒரு தகவலும் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் சிரித்தோம்.

அம்மா சிரட்டையில் பிளேன்ரீ கொடுத்தா, உள்ளங்கையில் ஒரு துண்டுப் பனங்கட்டி. அவர் கட்டியைக் கடிப்பார், ஒரு மிடறு குடிப்பார், சிரட்டைக்குள் பார்ப்பார், பிறகு கடிப்பார். ஒருவரும் கதைக்கவில்லை. குடித்து முடித்துச் சிரட்டையைக் கவிழ்த்து வைத்த பிறகுதான் கேட்டார்: "பொடியனை எங்கையும் கண்டனீங்களோ?"

நாங்கள் காணவில்லை.

அந்தக் காட்சியைத் திருப்பி எடும், தம்பி. எட்டு விநாடி, 96 படம். ஊற்றி முடிந்தபிறகும் அந்த அம்மா காத்து நிற்கவேண்டும், பனை குடித்து முடிக்கட்டும் என்று. ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப ஒட்டி ஏமாற்றாதேயும், திரை செத்துவிடும். நாலு படத்துக்கு ஒருமுறை சீலைத் தலைப்பை மயிரிழை நகர்த்தும். நிற்கிற ஆளும் மூச்சு விடவேண்டும். யன்னல் வெளிச்சத்தில் எடுத்ததால் மேகம் போகப் போகச் சுவர் மினுங்குகிறது. இரவில் யன்னலை மூடி ஒரே பல்பில் எடும். சிரிக்கிற சனம் சிரிக்கட்டும். அந்த ஐயாவுக்கு நீர் அவசரப்பட்டதுதான் நொந்திருக்கும் என்று நினைக்கிறேன். முடித்ததும் முதலில் அவருக்குக் கொண்டுபோய்க் காட்டும்.

எறும்பை அழிக்கவேண்டாம். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் நீர் மண்ணை நகர்த்த, அது தன்பாட்டுக்கு நடந்துபோய்த் தட்டின் மற்றக் கரையில் நிற்கிறது. நிற்கட்டும். எங்கள் வீட்டுப் பனங்கட்டிக் குட்டானில் எறும்பு இல்லாத நாளை நான் கண்டதில்லை.