தைராய்டு புற்றுநோயைத் தாமதமாகக் கண்டறிந்த மருத்துவமனை மீது சட்டப்படி என்ன நடவடிக்கை எடுக்கலாம்?

களியக்காவிளைப் பக்கம் வசிக்கும் உங்கள் 34 வயதுத் தங்கையின் கழுத்துக் கட்டியை, திருவனந்தபுரத்துத் தனியார் மருத்துவமனை ஒன்று ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் சாதாரணக் கழலை என்றே சொல்லி வந்தது. இப்போது அது பாப்பிலரி வகைத் தைராய்டு புற்றுநோய் என்றும், கழுத்தின் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவிவிட்டது என்றும் தெரிய வந்திருக்கிறது. வழக்குத் தொடுக்க முடியுமா, எங்கே தொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நாகர்கோவிலில் நுகர்வோர் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞன் என்ற முறையில் எழுதுகிறேன். வழக்குத் தொடுக்க முடியும். ஆனால் அறுவை சிகிச்சையோ, அதற்குப் பிறகு தேவைப்பட்டால் கதிரியக்க அயோடின் சிகிச்சையோ வழக்கிற்காக ஒரு நாள்கூடத் தள்ளிப்போகக் கூடாது. தங்கையின் உடல்நலம்தான் முதலில்.

என்னிடம் வருகிற குடும்பங்கள் பெரும்பாலும் மருத்துவர் தவறு செய்தார் என்று காட்டிவிட்டால் போதும் என்று நினைக்கின்றன. தைராய்டு வழக்குகளில் அது பாதி வேலைதான். அந்தத் தாமதத்தால் நோயாளிக்கு என்ன கெட்டது என்பதையும் நிரூபித்தாக வேண்டும். இவ்வகை வழக்குகள் தோற்பது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

முதலில் தவறு எது என்று பார்ப்போம். நோயைக் கண்டுபிடிக்கத் தவறியது மட்டுமே சட்டத்தின் பார்வையில் அலட்சியம் ஆகாது. அதே துறையில் சாதாரணத் திறமையுள்ள மருத்துவர் ஒருவர் அந்தச் சூழலில் செய்திருக்கக் கூடியதைச் செய்யாமல் விட்டதுதான் அலட்சியம். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். இரத்தத்தில் சரியான அளவில் இருப்பதாலேயே புற்றுநோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. கழுத்தில் கட்டி தட்டுப்பட்டால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுப்பதும், ஸ்கேனில் டி-ராட்ஸ் என்ற, கட்டியின் தோற்றத்தை வைத்துச் சந்தேகத்தை அளவிடும் மதிப்பீடும் கட்டியின் அளவும் சந்தேகத்தைக் காட்டினால் ஊசி வழியே செல்களை எடுத்துச் சோதிப்பதும் வழக்கமான நடைமுறை. அந்தச் சோதனை முடிவை பெத்தெஸ்டா என்ற முறைப்படி ஆறு வகைகளாகப் பிரிக்கிறார்கள். உங்கள் பழைய அறிக்கையில் முதல் வகை, அதாவது மாதிரி போதவில்லை என்று எழுதியிருந்தும் மறுபடி சோதிக்கச் சொல்லவில்லை என்றால் உங்கள் வழக்கு வலுவானது. மூன்றாம் வகை, அதாவது தீங்கற்றதா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியாதது என்று வந்தும் யாரும் பின்தொடரவில்லை என்றாலும் அப்படித்தான். மாறாக இரண்டாம் வகை, அதாவது தீங்கற்ற கட்டி என்று வந்திருந்தால், அந்தச் சோதனை சிறிய விழுக்காட்டில் தவறக் கூடியது என்பதே எதிர்த்தரப்பின் பதிலாக இருக்கும். அதன் பிறகு கட்டி வளர்ந்ததைப் பார்த்தும் சும்மா இருந்தார்களா என்பதைப் பொறுத்தே வழக்கு நிற்கும்.

அடுத்தது பாதிப்பு. பாப்பிலரி வகை பொதுவாக மெதுவாக வளரும். இப்போதைய நிலைப்பிரிவு முறைப்படி, 55 வயதுக்குட்பட்டவருக்கு நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருந்தாலும் தொலைவான உறுப்புகளுக்குப் பரவாதவரை அது முதல் நிலைதான். "அன்றும் முதல் நிலை, இன்றும் முதல் நிலை, இழந்தது என்ன?" என்று மருத்துவமனையின் வழக்கறிஞர் நிச்சயம் கேட்பார். அந்தக் கேள்விக்கு இப்போதே பதில் தேட வேண்டும். அன்றே கண்டிருந்தால் சுரப்பியின் ஒரு பாதியை மட்டும் எடுத்தால் போதுமாக இருந்திருக்குமா, இன்று முழுச் சுரப்பியையும் கழுத்துக் கணுக்களையும் எடுக்க நேர்கிறதா, அதனால் ஆயுள் முழுவதும் தைராய்டு ஹார்மோனுக்கு ஈடாகத் தைராக்சின் மாத்திரை தேவையா, குரல் நரம்பு பாதிக்கப்பட்டதா, தைராய்டை ஒட்டியுள்ள, கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பிகள் சேதமாகி கால்சியம் குறைகிறதா, கதிரியக்க அயோடின் கூடுதலாகத் தேவைப்பட்டதா, எத்தனை மாத ஊதியம் போனது என்ற ஒவ்வொன்றும் இழப்பீட்டின் ஓர் அங்கம். இப்போது சிகிச்சை அளிக்கும் அறுவை மருத்துவரிடம், முந்தைய மருத்துவரைக் குறைசொல்லுமாறு கேட்காதீர்கள்; எந்த அளவிலான சிகிச்சை ஏன் தேவைப்பட்டது என்பதை டிஸ்சார்ஜ் சம்மரியில் தெளிவாக எழுதித் தருமாறு மட்டும் கேளுங்கள்.

ஆகவே வக்கீல் நோட்டீஸ் அனுப்புவதற்கு முன்பே ஆவணங்களைக் கையில் வாங்கிவிடுங்கள். மருத்துவர்களின் நடத்தை நெறி குறித்த 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவேடுகளைத் தர வேண்டும். உள்நோயாளிப் பதிவேடுகளை மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். உங்கள் தங்கை வெளிநோயாளியாகவே போய் வந்திருந்தால் அந்த மூன்று ஆண்டு விதியை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. தங்கையின் கையொப்பத்துடன் எழுத்து மூலம் கேட்டு, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை நகலில் வாங்குங்கள். ஸ்கேன் அறிக்கைத் தாளோடு படங்களையும் சிடியில் கேளுங்கள், ஏனெனில் வேறொரு நிபுணர் மறுபடி பார்க்கப்போவது படங்களைத்தான். பழைய ஊசிச் சோதனையின் ஸ்லைடு, அதாவது செல்களைப் பூசிய கண்ணாடித் தகடு, இவை எல்லாவற்றையும்விட முக்கியம். அறுவையில் எடுத்த திசுவை மெழுகில் பதித்து வைக்கும் பிளாக்கிலிருந்து புதிய ஸ்லைடு வெட்டிக்கொள்ளலாம். ஊசியில் எடுத்துப் பூசிய ஸ்லைடு தொலைந்தால் தொலைந்ததுதான். அதைப் பெற்று வேறொரு நோய்க்குறியியல் நிபுணரிடம் காட்டிக் கருத்து வாங்குங்கள். வெளிப்படையான அலட்சியத்துக்கு ஒவ்வொரு வழக்கிலும் நிபுணர் கருத்து கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2010இல் கிஷன் ராவ் வழக்கில் சொல்லியிருந்தாலும், தைராய்டு தாமதத்தில் அது இல்லாமல் வெல்வது கடினம்.

எங்கே தொடுப்பது என்பதில் எல்லைப் பகுதியில் வாழும் நமக்கு ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது. மதுரையைவிடத் திருவனந்தபுரம் பக்கம் என்பதால் அங்கே சிகிச்சைக்குப் போகிறோம். பழைய சட்டத்தில் வழக்கையும் பொதுவாக அங்கேயே நடத்த வேண்டியிருந்தது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் அளிக்கலாம். எனவே நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும். மருத்துவமனைக்கு நீங்கள் செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட ஆணையம்தான். கேட்கும் இழப்பீட்டுத் தொகை இங்கே கணக்கில் வராது. செலுத்தியது 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை. காலவரையறை இரண்டு ஆண்டுகள். பாதிப்பு வெளியே தெரியாத வழக்குகளில் அது தெரிய வந்த நாளிலிருந்து கணக்கிடலாம் என்று 2010இல் ஸ்ரீகண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆயினும் புற்றுநோய் உறுதியான தேதியிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்துவிடுங்கள். தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவை நம்பி இருக்க வேண்டாம்.

மருத்துவர் மீது ஒழுங்கு நடவடிக்கை வேண்டுமென்றால் அவர் பதிவு பெற்றுள்ள மாநில மருத்துவக் கவுன்சிலில் தனியாகப் புகார் தரலாம். கவுன்சிலால் எச்சரிக்கவும் பெயரைப் பதிவிலிருந்து நீக்கவும் முடியும், இழப்பீடு வழங்க முடியாது. காவல் நிலையத்துக்குப் போவதை நான் பரிந்துரைக்கவில்லை: குற்ற வழக்கிற்கு மிகக் கடுமையான அலட்சியம் இருக்க வேண்டும் என்று 2005ஆம் ஆண்டு ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு வரையறுத்திருக்கிறது, உங்கள் தங்கையின் நிலை அதற்குள் வருவது அரிது. இடையில் எல்லோருக்கும் இலவச சிகிச்சை தரும் அரசு மருத்துவமனையிலும் காட்டியிருந்தால், 1995ஆம் ஆண்டு சாந்தா தீர்ப்பின்படி அது நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. அங்குள்ள பதிவேடுகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி, தனியார் மருத்துவமனைக்கு எதிரான புகாரில் சான்றாகச் சேர்க்கலாம்.

வழக்கறிஞர் கட்டணம் சுமையாக இருந்தால், தங்கையின் பெயரிலேயே நாகர்கோவில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பியுங்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. விண்ணப்பத்தோடு சிகிச்சையின் தேதிவாரிப் பட்டியலையும் அறிக்கைகளின் நகல்களையும் இணைத்துக் கொடுங்கள்.